முதல்வரும் கொள்கையும்

தலைப்பைப் பார்த்து அரசியல் கட்டுரை என்று நினைத்து வந்தவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். இங்கே முதல்வர் என்று நான் சொல்வது ஒரு கல்லூரி முதல்வரை. கொள்கை என்று சொல்வது, ஓர் அழைப்பிதழில் அவர் பெயருக்குக் கீழே தவறுதலாக அச்சாகிவிட்ட ஓர் ஆங்கிலச் சொல்லை.

1996ஆம் ஆண்டில் ஒரு சிறு நகரத்து அச்சகத்தில் நான் மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக நோட்டீஸ், மளிகைக் கடைகளின் பில் புத்தகம் ஆகியவற்றுக்கு நடுவே அவ்வப்போது கல்லூரிகளின் ஆண்டு விழா அழைப்பிதழும் வரும். அப்படி வந்த ஒன்றில் 'பிரின்சிபல்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'பிரின்சிப்பிள்' என்று இருந்ததை நான் கவனிக்காமல், அச்சிடலாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். 800 பிரதிகள் அச்சாகிக் கட்டுக் கட்டாகப் போய்ச் சேர்ந்தன. பிரித்துப் பார்த்த முதல்வர் கோபப்படவில்லை. "ஏன் தம்பி, ஆளையே கொள்கையாக்கிட்டீங்களே, இனிமே எனக்கு யார் சம்பளம் கொடுப்பாங்க?" என்று மட்டும் கேட்டார். அன்றிரவு அச்சக உரிமையாளரும் பைண்டிங் செய்யும் அம்மாவும் நானும் உட்கார்ந்து, சரியான சொல்லைச் சிறு ஸ்டிக்கராக அடித்து, 800 அழைப்பிதழ்களிலும் ஒவ்வொன்றாக ஒட்டினோம். ஸ்டிக்கர் சற்றுக் கோணலாக உட்கார்ந்த இடங்களில், கொள்கையின் கடைசி எழுத்து அடியிலிருந்து எட்டிப் பார்த்தது.

இந்த வகைத் தவற்றின் தனிக் குணம் என்னவென்றால், தவறாக வந்து உட்காரும் சொல்லும் அகராதியில் இருக்கிற ஒழுங்கான சொல்லாக இருப்பதுதான். எழுத்துப் பிழையாக இருந்தால் கண்ணில் உறுத்தும். இதுவோ நல்ல உடை உடுத்திக்கொண்டு வேறொருவர் நாற்காலியில் அமர்ந்திருக்கும் ஆளைப் போன்றது. யாரும் எழுப்பிக் கேட்பதில்லை. இன்று கணினியில் தட்டச்சு செய்தாலும், பழைய பிழைதிருத்திகள் இத்தகைய சொல்லின் கீழ் சிவப்புக் கோடு இழுப்பதில்லை. பின்னாளில் நான் மெய்ப்பை விட்டு மொழிபெயர்ப்புக்கு வந்தேன். கடன் ஒப்பந்தம், காப்பீட்டுப் பத்திரம், நீதிமன்ற ஆவணம் என்று ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் மாற்றித் தருவதே இந்த இருபது ஆண்டுகளாக என் பிழைப்பு. அந்த 800 ஸ்டிக்கர்களின் பயத்தில் தொடங்கிய ஒரு குறிப்பேடு இப்போது மூன்றாவது நோட்டாக வளர்ந்திருக்கிறது. அதில் ஒன்றுபோல் தோன்றும் ஆங்கிலச் சொற்களை இணையிணையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே ஒரு தமிழ்ச் சொல்லை எழுதி வைக்கிறேன். இரண்டுக்கும் வெவ்வேறு தமிழ்ச் சொல் எழுத முடிந்தால் வேறுபாடு எனக்குப் புரிந்திருக்கிறது என்று பொருள், முடியாவிட்டால் புரியவில்லை.

பள்ளியில் இதற்கு வேறு வழி சொல்லித் தந்தார்கள். 'பிரின்சிபல்' என்னும் சொல்லின் கடைசி மூன்று எழுத்துகளைத் தனியே படித்தால் ஆங்கிலத்தில் நண்பன் என்று பொருள். ஆகவே கல்லூரித் தலைவரை நண்பராக நினைத்துக்கொள், எழுத்து மறக்காது என்பது அந்த வழி. எங்கள் பள்ளித் தலைமை ஆசிரியர் மேசையில் எப்போதும் ஒரு பிரம்பு கிடக்கும். அவரை நண்பராக நினைத்துக்கொள்ளச் சொன்னால் எழுத்துப்பிழைதான் மிஞ்சும். இந்தக் குறுக்குவழிகள் எழுத்தை நினைவூட்டுகின்றனவே தவிர, பொருளைத் தொடுவதில்லை. வங்கிக் கடன் பத்திரத்தில் அதே சொல் வரும்போது அங்கே எந்த நண்பரும் இல்லை.

தமிழ்ச் சொல்லைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் கதவு திறக்கிறது. கல்லூரியின் 'பிரின்சிபல்' முதல்வர். கடனின் 'பிரின்சிபல்' அசல், அதாவது வட்டி சேராத முதல். முதலும் வட்டியும் கட்டி முடித்தாயிற்று என்றுதான் நம் வீடுகளில் சொல்கிறோம். இரண்டுக்கும் வேர், முதலிடம் பெறுபவன் என்னும் பொருளுள்ள லத்தீன் 'பிரின்செப்ஸ்'. ஆங்கிலம் எந்தப் படிமத்தில் இரண்டு பொருளையும் கட்டியதோ, அதே படிமத்தில் தமிழும் தானாகவே கட்டியிருக்கிறது: முதல் நிற்பவர் முதல்வர், முதலில் கொடுத்த பணம் முதல். 'பிரின்சிப்பிள்' தொடக்கம், அடிப்படை என்னும் பொருளிலிருந்து வந்து கொள்கையாயிற்று. இதை ஒருமுறை கண்டுகொண்ட பிறகு நான் இந்த இணையில் தடுமாறியதே இல்லை.

ஒலியாலும் எழுத்தாலும் மயக்கும் சொற்கள் நமக்குப் புதியவை அல்ல. பனி, பணி; அரம், அறம்; வலி, வளி, வழி என்று மயங்கொலிச் சொற்களை ஐந்தாம் வகுப்பிலேயே மனப்பாடம் செய்தவர்கள் நாம். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. பனிக்கும் பணிக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. தற்செயலாக முகம் ஒத்திருக்கும் அந்நியர்கள் அவர்கள். ஆங்கிலத்தின் குழப்பமான இணைகளில் பெரும்பாலானவை ஒரே வீட்டில் பிறந்து, பாகப் பிரிவினை ஆகி, வேலிச் சண்டையில் இருப்பவை. அதனால்தான் அவற்றைப் பிரித்து வைப்பது கடினமாக இருக்கிறது.

எழுதுபொருளுக்கும் அசையாமல் நிற்பதற்கும் ஆங்கிலத்தில் உள்ள சொற்கள் இதற்கு நல்ல சாட்சி. தமிழில் எழுதினால் இரண்டும் 'ஸ்டேஷனரி'தான். ஆங்கிலத்தில் ஒரே ஓர் எழுத்து வேறுபடும், எழுதுபொருளுக்கு 'ஈ', நிற்பதற்கு 'ஏ'. நிற்பதற்கும் தாளுக்கும் பேனாவுக்கும் என்ன தொடர்பு? இடைக்கால ஐரோப்பாவில் பல்கலைக்கழகங்களை ஒட்டி நிலையாகக் கடை வைத்துப் புத்தகம் விற்றவர்களை, தலையில் சுமந்து ஊர் ஊராக விற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்ட, ஓரிடத்தில் இருப்பவர் என்னும் பொருளில் 'ஸ்டேஷனர்' என்றார்கள். லண்டனில் அவர்களுடைய சங்கம் 1403இல் அமைந்து, 1557இல் அரச சாசனம் பெற்றது. ஸ்டேஷனர் விற்ற சரக்கு ஸ்டேஷனரி. நின்ற இடத்தால் பெயர் பெற்றவர் விற்ற தாளுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பிறகு நிற்பதும் தாளும் ஒன்றையொன்று மறந்துவிட்டன.

விவேகத்துடன் நடந்துகொள்பவரையும், தனித்தனியாகப் பிரிந்து நிற்பவற்றையும் குறிக்கும் இரண்டு 'டிஸ்கிரீட்'களும் இப்படியே. ஒன்றில் இரண்டு 'ஈ' அடுத்தடுத்து வரும், மற்றதில் நடுவே 'டி' புகுந்து அவற்றைப் பிரிக்கும். உச்சரிப்பில் வேறுபாடு இல்லை. பிரிக்கப்பட்டது என்னும் ஒரே லத்தீன் சொல்லிலிருந்து வந்த இவற்றுக்கு, எழுத்தை மாற்றிப் பொருளைப் பிரித்துக் கொடுத்தவர்கள் பின்னால் வந்தவர்கள். பிரித்தறியத் தெரிந்தவன் விவேகி என்பது எப்படி என்று கேட்க வேண்டியதில்லை. விவேகம் என்னும் வடசொல்லின் வேரும் பிரித்தறிதல்தான். இதைக் கண்டுபிடித்த நாளில் எனக்கு உண்டான மகிழ்ச்சியை வீட்டில் யாரும் பகிர்ந்துகொள்ளவில்லை.

ஆங்கிலத்தில் 'ஃபிளவர்' என்று ஒலிக்கும் மாவும் பூவும் ஒன்றாக இருந்த காலமும் உண்டு. கோதுமையை அரைத்துச் சலித்து எடுத்த மிக நயமான பகுதியைக் கோதுமையின் 'பூ' என்று அழைத்தார்கள். இரண்டு பொருளுக்கும் நெடுங்காலம் எழுத்து ஒன்றே; 1755இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் அகராதிகூட இரண்டையும் தனிச் சொற்களாகப் பிரிக்கவில்லை. பூப்போன்ற இட்லி என்று சொல்பவர்களுக்கு இந்தப் பெயர்ச்சூட்டலில் வியப்பு இருக்காது.

ஆனால் இந்தக் குடும்பக் கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது விலையையும் பரிசையும் பற்றியது. தமிழ் எழுத்தில் இரண்டும் 'பிரைஸ்'. நம் எழுத்து முறையில் அந்த இரு ஒலிகளையும் பிரித்துக் காட்ட வழியில்லை. ஆங்கிலத்திலோ விலைக்கு 'சி', பரிசுக்கு 'இசட்'. குலுக்கல் சீட்டின் பின்புறத்தில் 'முதல் பிரைஸ்' என்று அச்சிட்டிருந்ததைப் படித்த ஒரு பாட்டி, அது சீட்டின் விலையா, விழுந்தால் கிடைப்பதா என்று அச்சகத்துக்கே வந்து கேட்டது நினைவிருக்கிறது. எங்கள் தமிழ் எழுத்தின் குறை என்று அப்போது நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, இரண்டுமே 'பிரேசியம்' என்ற ஒரே லத்தீன் சொல்லின் வழி வந்தவை, இடைக்கால ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே சொல்லாகவே இருந்தன என்பது. புகழ்ச்சியைக் குறிக்கும் 'பிரெய்ஸ்' என்பதும் அதே வீட்டுப் பிள்ளைதான். ஒருவருக்கு விலை வைப்பதுதான் முதலில் அவரைப் புகழ்வதாக இருந்தது. ஆங்கிலம் பிரித்து வைத்ததைத் தமிழ் எழுத்து அறியாமலேயே மறுபடி சேர்த்துவைத்திருக்கிறது. பாட்டியின் குழப்பத்துக்கு ஓர் ஐந்நூறு ஆண்டுப் பாரம்பரியம் உண்டு என்று அன்றே தெரிந்திருந்தால் அவரிடம் சொல்லியிருப்பேன்.

உறவே இல்லாமல் முகம் ஒத்திருக்கும் அந்நியர்களும் ஆங்கிலத்தில் உண்டு என்றாலும், அவர்களைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. கடிவாளத்துக்கும் ஆட்சிக்கும் ஒரே ஒலியில் 'ரெயின்' என்று இரண்டு சொற்கள் இருக்கின்றன. கடிவாளத்தைத் தளர்த்திவிடுவது என்னும் மரபுத்தொடரைப் பலர் ஆட்சியைக் கொடுத்துவிடுவது என்று எழுதுகிறார்கள், குதிரை ஏறாத தலைமுறைக்கு அதுவும் பொருத்தமாகத்தான் படுகிறது. 'மிட்டிகேட்' தணிப்பது, 'மிலிட்டேட்' எதிராக வேலை செய்வது, அதன் வேரில் ஒரு படைவீரன் நிற்கிறான். தமிழ்ச் சொல்லை எழுதிப் பார்த்தால் இவை ஒரு நிமிடத்தில் பிரிந்துவிடும். தொலைவுக்கு ஒன்று, மேலதிகத்துக்கு ஒன்று என்று 'ஃபார்தர்', 'ஃபர்தர்' இரண்டையும் வேறுபடுத்தச் சொல்லும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். இரண்டும் ஒரே சொல்லின் இரு வடிவங்கள். அந்த வேறுபாட்டைக் காப்பாற்ற நான் ஒரு நிமிடமும் செலவிட மாட்டேன்.

எல்லோரும் கேட்பது 'அஃபெக்ட்', 'எஃபெக்ட்' பற்றி. முன்னது வினை, பாதிப்பது. பின்னது பெயர், விளைவு என்று பாடப் புத்தகம் சொல்லும். பெரும்பாலும் அது போதும். அரசாணைகளில் ஒரு தேதியைச் சொல்லி, அன்று முதல் நடைமுறைக்கு வரும் என்று குறிப்பிடும் தொடரில் வருவது அந்தப் பெயர்ச்சொல்தான். ஆனால் அதே 'எஃபெக்ட்' வினையாகவும் வரும். அப்போது அதற்கு நிறைவேற்றுவது, செய்து முடிப்பது என்று பொருள். ஒப்பந்தப் பத்திரங்களில் அது அடிக்கடி வருகிறது. வாங்குபவர் முப்பது நாளுக்குள் பணம் செலுத்த வேண்டும் என்பதை, பணம் செலுத்துதலை 'எஃபெக்ட்' செய்ய வேண்டும் என்று ஆங்கிலத்தில் எழுதுவார்கள். அங்கே முதல் எழுத்து 'ஏ' ஆகிவிட்டால், வாங்குபவர் முப்பது நாளுக்குள் பணம் செலுத்துதலைப் பாதிக்க வேண்டும் என்றாகிவிடும். கடமை அப்படியே தலைகீழாகிறது. இப்படி ஒரு வரைவு என் மேசைக்கு வந்தபோது, தட்டச்சர் தெரியாமல் செய்தாரா, வாங்குபவரின் மனசாட்சி செய்ததா என்று சற்று யோசித்தேன்.

நான் வெட்கப்பட்ட இடம் வேறு. மொழிபெயர்ப்புக்கு வந்த புதிதில், ஒரு குற்ற வழக்கின் ஆவணங்களைத் தமிழாக்கும்போது, 'டிஸ்இன்ட்ரஸ்டட்' சாட்சி என்று வந்ததை 'ஆர்வமில்லாத சாட்சி' என்று எழுதிவிட்டேன். வழக்கறிஞர் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "ஏன் சார், அந்த ஆள் கூண்டுல நின்னு கொட்டாவி விட்டாரா?" என்றார். அறையில் இருந்த இளம் வழக்கறிஞர்கள் இருவர் சிரிப்பை அடக்கிக்கொண்டதை நான் பார்க்காததுபோல் இருந்துவிட்டேன்.

ஆர்வமில்லாதவரைக் குறிப்பது 'அன்இன்ட்ரஸ்டட்'. வழக்கின் முடிவால் தனக்கு ஆதாயமோ இழப்போ இல்லாதவரைக் குறிப்பது 'டிஸ்இன்ட்ரஸ்டட்'. நீதிமன்றத்தில் இது உயிர்நிலையான வேறுபாடு. சாட்சி உறவினர் என்பதாலேயே அவரை ஆதாயம் கருதும் சாட்சியாகக் கொண்டுவிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1953லேயே, பஞ்சாபிலிருந்து வந்த தலீப் சிங் வழக்கில் விளக்கியிருக்கிறது. நெருங்கிய உறவினர் உண்மைக் குற்றவாளியைத் தப்பவிட்டு நிரபராதியைச் சிக்கவைக்க எளிதில் முன்வர மாட்டார் என்பது அதன் வாதம். உறவு வேறு, ஆதாயம் வேறு, ஆர்வம் வேறு. மூன்றையும் ஒரே சொல்லால் மூடினால் தீர்ப்பே மாறும்.

இத்தனை குழப்பத்துக்கும் காரணமான 'இன்ட்ரஸ்ட்' என்னும் சொல்லுக்கு லத்தீனில் 'நடுவில் இருத்தல்' என்பது நேர்ப்பொருள். ஒரு விவகாரத்தின் நடுவில் நீ இருக்கிறாய் என்றால் உனக்கு அதில் பங்கு இருக்கிறது. பங்கிலிருந்து ஆதாயமும், ஆதாயத்திலிருந்து வட்டியும், கடைசியாக ஆர்வமும் பிறந்தன. இதைப் படித்தபோது நான் நினைத்தது குறளின் பன்னிரண்டாம் அதிகாரத்தை. அதன் பெயர் நடுவு நிலைமை. லத்தீனில் நடுவில் இருப்பவன் பங்குள்ளவன். தமிழில் நடுவில் நிற்பவன் எந்தப் பக்கமும் சாயாதவன். ஒரே இடத்தில் நிற்கிற இரண்டு பேருக்கு இரண்டு மொழிகள் நேர்மாறான குணத்தைக் கொடுத்திருக்கின்றன. பணத்துக்கும் மனத்துக்கும் ஒரே சொல் இருப்பதும் ஆங்கிலத்துக்கு மட்டும் உரியதன்று. பற்று என்றால் ஆசை. பற்று வரவுக் கணக்கில் அதுவே கடன் பக்கம். பற்றற்ற சாட்சி என்று எழுதினால் சாமியார் வந்து நிற்பதுபோல் ஆகிவிடும் என்பதால், நான் இப்போது 'வழக்கில் ஆதாயம் இல்லாத சாட்சி' என்று சற்று நீட்டியே எழுதுகிறேன். நீளமானாலும் பரவாயில்லை.

இதில் ஒரு வேடிக்கையையும் சொல்லிவிட வேண்டும். பதினேழாம் நூற்றாண்டில் 'அன்இன்ட்ரஸ்டட்', 'டிஸ்இன்ட்ரஸ்டட்' என்னும் இரண்டு சொற்களும் கிட்டத்தட்ட இடம் மாறி இருந்தன. இன்று ஆர்வமின்மையைக் குறிப்பது அன்று பக்கச்சார்பின்மைக்கும், இன்று பக்கச்சார்பின்மையைக் குறிப்பது அன்று ஆர்வமின்மைக்கும் வழங்கின. இப்போது மறுபடி ஆங்கிலம் பேசுவோரில் பலர், ஆர்வமில்லாதவரை 'டிஸ்இன்ட்ரஸ்டட்' என்கிறார்கள். பேச்சு வழக்கில் அதை எதிர்த்துப் போராடுவது வீண் என்றே நினைக்கிறேன். நீதிமன்ற ஆவணத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

என் சோதனை முறை சறுக்கும் இடமும் ஒன்று இருக்கிறது. 'இன்ஷூர்', 'அஷ்யூர்', 'என்ஷூர்' மூன்றும் கவலையற்றது என்னும் பொருளுள்ள லத்தீன் 'செகூரஸ்' வழி வந்த உடன்பிறப்புகள். நடக்கும்படி பார்த்துக்கொள்வது 'என்ஷூர்'. வாய்மொழியால் நம்பிக்கை தருவது 'அஷ்யூர்'. பிரீமியம் வாங்கிக்கொண்டு இழப்பை ஈடுசெய்வது 'இன்ஷூர்'. இதுவரை சிக்கல் இல்லை. ஆனால் ஆயுள் காப்பீட்டுப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். நிறுவனத்தின் பெயரிலேயே 'இன்ஷூரன்ஸ்' இருக்கும். உள்ளே கிடைக்கப்போகும் தொகையைக் குறிக்கும் இடத்தில் 'சம் அஷ்யூர்டு' என்று இருக்கும். மருத்துவக் காப்பீட்டிலும் தீ விபத்துக் காப்பீட்டிலும் அதே இடத்தில் 'சம் இன்ஷூர்டு' என்று இருக்கும். தமிழில் இரண்டையும் காப்பீட்டுத் தொகை என்றே எழுதிப் பழகிவிட்டோம்.

இது பிரிட்டிஷ் காப்பீட்டுத் தொழிலின் பழைய வழக்கம். 1762இல் லண்டனில் தொடங்கிய ஆயுள் காப்பீட்டுச் சங்கம் தன் பெயரில் 'அஷ்யூரன்ஸ்' என்பதையே வைத்துக்கொண்டது. வீடு தீப்பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம். கப்பல் கவிழலாம், கரை சேரவும் சேரலாம். அது 'இன்ஷூரன்ஸ்'. மரணம் அப்படியன்று, வருவது உறுதி, என்றைக்கு என்பது மட்டும் தெரியாது. உறுதியாக நடக்கப்போவதற்குக் கொடுக்கும் உறுதிமொழி 'அஷ்யூரன்ஸ்'. இந்தியாவில் 245 நிறுவனங்களை ஒன்றாக்கி 1956 செப்டம்பர் முதல் தேதி ஆயுள் காப்பீட்டுக் கழகத்தை அமைத்தபோது பெயரில் 'இன்ஷூரன்ஸ்' வந்தது. பத்திரத்தின் உள்ளேயோ பழைய சொல் அப்படியே தங்கிவிட்டது.

அப்பா இறந்த பதினாறாம் நாளுக்குப் பிறகு, அவருடைய டிரங்குப் பெட்டியிலிருந்து பாலிசிப் பத்திரத்தை எடுத்தோம். மடிப்புகளில் கிழியாமல் இருக்கப் பின்புறம் பழுப்புத் தாள் ஒட்டியிருந்தார். அதே மாதத்தில் ஒரு மருத்துவக் காப்பீட்டு ஆவணத்தை நான் தமிழாக்கிக்கொண்டிருந்ததால், இரண்டு தாள்களும் என் மேசையில் அருகருகே கிடந்தன. ஒன்றில் 'இன்ஷூர்டு', மற்றதில் 'அஷ்யூர்டு'. அதுவரை இரண்டும் ஒன்றுதான் என்று கடந்துபோன நான் அன்றைக்குத்தான் அந்த இரண்டு எழுத்துகளில் நின்றேன். என் நோட்டில் இந்த இணைக்கு எதிரே தமிழ்ச் சொல் இன்னும் ஒன்றுதான் இருக்கிறது. இலங்கைத் தமிழர்கள் இத்துறைக்கு 'காப்புறுதி' என்கிறார்கள். காப்பும் உறுதியும் ஒரே சொல்லில் சேர்ந்து நிற்கும் அது எனக்குக் காப்பீட்டைவிடப் பிடித்திருக்கிறது. இரண்டையும் பிரிக்க அதுவும் உதவாது என்பது வேறு விஷயம்.

சொல்லின் முன்னால் ஒட்டும் சிறு துண்டுகள் செய்யும் குழப்பம் தனி ரகம். ஒருநாள் ரயில்வே கேட் அடைத்திருந்தபோது, எங்கள் இருசக்கர வண்டிக்கு முன்னால் ஒரு பெட்ரோல் டேங்கர் லாரி நின்றது. பின்னால் உட்கார்ந்திருந்த அக்காள் மகள், ஏழாம் வகுப்பு படிப்பவள், லாரியின் முதுகில் சிவப்பு எழுத்தில் இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "மாமா, 'இன்' போட்டா இல்லைன்னுதானே அர்த்தம்? அப்போ இந்த லாரி எரியாதா?" என்று கேட்டாள். அங்கே எழுதியிருந்தது 'ஹைலி இன்ஃபிளேமபிள்'. எரியும் என்பதற்கு 'ஃபிளேமபிள்' என்றும் ஒரு சொல் இருப்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

இரண்டுக்கும் பொருள் ஒன்றே. இந்த 'இன்' எதிர்மறை அன்று. தீக்குள் இடுவது, மூட்டுவது என்னும் லத்தீன் வினையின் உறுப்பு. அசுத்தத்தில் உள்ள 'அ' எதிர்மறை, அமைதியில் உள்ள 'அ' எதிர்மறை இல்லை என்று அவளிடம் சொன்னேன். கேட் திறப்பதற்குள் அவள் புரிந்துகொண்டாள். அவளுக்கு வந்த சந்தேகம் பெரியவர்களுக்கும் வந்திருக்கிறது. எரியாது என்று யாராவது நினைத்துத் தீக்குச்சியைக் கிழித்துவிடக் கூடாது என்பதற்காகத்தான், அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் 1920களிலிருந்து 'இன்' இல்லாத வடிவத்தையே பயன்படுத்தும்படி வலியுறுத்திவந்தது. இலக்கணம் சரியா என்பதைவிட லாரி வெடிக்கக் கூடாது என்பது முக்கியம் என்று ஒரு சங்கம் முடிவெடுத்த இந்தச் செயல் எனக்கு மிகவும் மரியாதைக்குரியதாகப் படுகிறது.

அவள் அத்துடன் விடவில்லை. வீட்டுக்கு வந்ததும் 'இன்வேல்யுவபிள்' என்றால் மதிப்பில்லாததா என்று கேட்டாள். அங்கே 'இன்' உண்மையிலேயே எதிர்மறைதான். மதிப்பிட முடியாதது என்று பொருள், ஆகவே மிகப் பெரிய மதிப்புள்ளது. நான் விளக்கத் தொடங்குமுன், சமையற்கட்டிலிருந்து அக்காவே சொல்லிவிட்டாள்: மதிப்பற்றது என்றால் ஒன்றுக்கும் உதவாதது, விலைமதிப்பற்றது என்றால் விலையே சொல்ல முடியாதது, அதுமாதிரிதான். இருபது ஆண்டுகளாக இதே வேலை செய்யும் எனக்கு அது தோன்றியதில்லை. நோட்டில் அன்றைய தேதி போட்டு எழுதி வைத்தேன்.

என் நோட்டில் அதிக இடம் பிடித்த இணை 'பிரிஸ்கிரைப்', 'புரோஸ்கிரைப்'. மருத்துவர் மருந்து எழுதித் தருவதும், பல்கலைக்கழகம் ஒரு நூலைப் பாடமாக வைப்பதும் முன்னது. தடைசெய்வது பின்னது. இரண்டிலும் இருப்பது எழுதுவது என்னும் ஒரே வினைதான். முன்கூட்டியே எழுதி வைப்பது ஒன்று, எல்லோரும் பார்க்கும்படி வெளியே எழுதி ஒட்டுவது மற்றொன்று. வெளியே எழுதி ஒட்டுவது எப்படித் தடையாகும் என்பதற்குப் பதில் ரோமாபுரியில் இருக்கிறது. கி.மு. 82இல் ஆட்சியைப் பிடித்த சுல்லா, தன் எதிரிகளின் பெயர்களைப் பலகையில் எழுதிப் பொது மன்றத்தில் வைத்தார். பெயர் இருப்பவனை யார் வேண்டுமானாலும் கொல்லலாம், கொன்றவனுக்குப் பணம் உண்டு, இறந்தவனின் சொத்து அரசுக்கு. முதல் பட்டியலில் 80 பெயர்கள் இருந்தன என்று பழங்காலக் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதுகிறார்; மறுநாள் மேலும் சேர்ந்தன. காலையில் அந்தப் பலகையின் முன் நின்று தன் பெயரைத் தேடியவர்களை நினைத்துப் பார்த்தவர்கள், இந்தச் சொல்லை மருந்துச் சீட்டோடு குழப்பிக்கொள்ள மாட்டார்கள்.

இரண்டு சொற்களும் ஒரே நூலின் மேல் வந்து விழுந்த கதை நம்மிடமே இருக்கிறது. 1928இல் பர்மா அரசு பாரதியின் பாடல் நூல்களைத் தடைசெய்தது; அதைப் பின்பற்றிச் சென்னை மாகாண அரசும் ஆணையிட, திருவல்லிக்கேணியில் இருந்த பதிப்பகத்திலிருந்து போலீசார் நூல்களை அள்ளிச் சென்றார்கள். சட்டமன்றத்தில் சத்தியமூர்த்தி கடுமையாக எதிர்த்துப் பேசினார். விடுதலைக்குப் பின் அந்தப் பாடல்கள் பள்ளியிலிருந்து பல்கலைக்கழகம் வரை பாடமாயின. நானே அவற்றை மனப்பாடம் செய்து, ஒப்பிக்கத் தடுமாறி, முன்பு சொன்ன பிரம்பைச் சந்தித்திருக்கிறேன். ஒரே பாடல்கள், முதலில் ஒரு சொல்லின் கீழ், பிறகு மற்றதன் கீழ். நோட்டில் இந்த இணைக்கு எதிரே நான் எழுதி வைத்திருக்கும் தமிழ்ச் சொற்கள் இரண்டும் 'ப'வில்தான் தொடங்குகின்றன: ஒன்றுக்குப் பாடம், மற்றதற்குப் பறிமுதல். கல்லூரி முதல்வரிடமும் கடனின் அசலிடமும் இருந்த அந்த 'முதல்' இந்தச் சொல்லின் வாலிலும் இருக்கிறது என்பதை, இதைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போதுதான் கவனித்தேன்.